செருப்பைக் கேட்டு வந்த பிணம்: ஸ்லாவ் நாட்டு வாம்பயர் கதைகளை எப்படிப் படிப்பது

1725 இல் செர்பியாவின் கிசிலியேவோ கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்ற விவசாயி இறந்தார். அடக்கமும் ஆனது. அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்து தன் செருப்பைக் கேட்டார் என்று அவர் மனைவி சொன்னார். அதன்பிறகு அந்த அம்மா அந்த ஊரில் இருக்கவில்லை, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இதெல்லாம் ஒரு அரசு அறிக்கையில் இருக்கிறது. அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது, ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரி நேரில் போய்ப் பார்த்து மேலிடத்துக்கு எழுதினார், அதே ஆண்டு ஜூலையில் அது வியன்னா செய்தித்தாளில் அச்சாகியும் வந்துவிட்டது.

இந்த மாதிரி அறிக்கைகளும் ஊர் வழக்கங்களும் கல்லறை அகழாய்வுச் செய்திகளும் இன்று யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கிற மாதிரி கிடைக்கின்றன. ஆனால் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பேய்க்கதையாகப் படித்துச் சிலிர்த்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. அந்தக் கிராமத்து ஆட்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள், பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். பார்த்ததற்குக் காரணம் தேடியபோது தங்கள் பாட்டன் பூட்டன் சொல்லிவைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணத்தோடு இவற்றை எப்படிப் படிக்கலாம் என்று எனக்குக் கைவந்த முறையைச் சொல்கிறேன்.

சினிமாவை மறந்துவிட்டுத் தொடங்குங்கள்

கறுப்பு அங்கி, வெளிறிய முகம், கோரைப்பல், கோட்டை, வௌவால், இவை எதுவும் ஸ்லாவ் மொழிகள் பேசும் கிழக்கு ஐரோப்பியக் கிராமத்தில் கிடையாது. அங்கே வாம்பயர் என்பவர் நேற்றுவரை பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த ஆள். உடம்பு உப்பியிருக்கும், முகம் சிவந்தோ கறுத்தோ இருக்கும், வாயோரம் ரத்தம் இருக்கும், தோளில் தன்னைச் சுற்றிப் புதைத்த துணியைப் போட்டுக்கொண்டு வருவார். கழுத்தில் இரண்டு பல் தடம் என்பதெல்லாம் பின்னால் வந்த கற்பனை. பழைய அறிக்கைகளில் அவர் தூங்குகிறவர்கள் மேல் ஏறிப் படுத்து அமுக்குகிறார், தொண்டையை நெரிக்கிறார். முக்கியமாக, முன்பின் தெரியாதவர்களைத் தேடி அவர் போவதில்லை. தன் மனைவி, தன் பிள்ளை, தன் அண்டை வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்களிடம்தான் வருகிறார். இது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன், இப்போதைக்கு ஞாபகத்தில் வையுங்கள்.

நம்பகமான தொடக்கப்புள்ளி வேண்டுமென்றால் செர்பிய மொழியறிஞர் வூக் கராஜிச் 1818 இல் வெளியிட்ட செர்பிய அகராதியை எடுங்கள். அதில் வூகோத்லாக் என்ற சொல்லுக்கு அவர் எழுதியிருக்கும் விளக்கம் ஒரு சிறு கட்டுரை அளவுக்கு இருக்கிறது. இறந்து 40 நாள் கழித்து ஒரு தீய ஆவி பிணத்துக்குள் புகுந்து அதை எழுப்பும். இரவில் வெளியே வந்து ஆட்களை நெரித்து ரத்தம் குடிக்கும். நல்ல மனிதர் அப்படி ஆகமாட்டார், ஆனால் அவர் பிணத்தின் மேல் ஒரு பறவை பறந்தாலோ ஏதாவது பிராணி தாண்டினாலோ அவரும் ஆகிவிடலாம். குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் தொடங்கி இயேசு விண்ணேறிய திருநாள் வரைக்கும்தான் நடமாட்டம் அதிகம். பஞ்சகாலத்தில் மாவு அரைக்கும் ஆலைகள் பக்கமும் தானியக் களஞ்சியங்கள் பக்கமும் சுற்றும். இந்தக் கடைசி வரியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். பசி வந்த காலத்தில் செத்தவரும் தானியத்தைத் தேடித்தான் வருகிறார். மேற்கு செர்பியாவில் ஸாரோழியே கிராமத்துத் தண்ணீர் ஆலையில் இருந்ததாகச் சொல்லப்படும் ஸாவா ஸாவனோவிச் என்ற வாம்பயரின் கதை இன்றைக்கும் பேசப்படுகிறது. 2012 இல் அந்தப் பழைய ஆலை இடிந்து விழுந்தபோது, குடியிருக்க இடமில்லாமல் அவர் ஊருக்குள் வந்துவிடுவார் என்று பேச்சுக் கிளம்பி உலகச் செய்தியானது.

பெயரைக் கவனியுங்கள்

ஸ்லாவ் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அது போலந்திலிருந்து பல்கேரியா வரை, ரஷ்யாவிலிருந்து குரோவேஷியா வரை பரந்து கிடக்கிறது. கிழக்கே உபிர், போலந்தில் உப்பியுர், செர்பியாவில் வம்பீர், பல்கேரியாவில் வாம்பிர். இவையெல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆனால் வூகோத்லாக் என்ற சொல் முதலில் ஓநாயாக மாறும் மனிதனைக் குறித்தது, பிற்பாடு செர்பியாவில் அது வாம்பயருக்கு ஒட்டிக்கொண்டது. போலந்தில் ஸ்ட்ஸிகா என்று வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு இரண்டு ஆன்மா உண்டு என்பார்கள், ஒன்று போனாலும் மற்றது தங்கிவிடுமாம். ஆகவே ஒரு கதை கையில் கிடைத்தால் எந்த ஊர், எந்த நூற்றாண்டு, எந்தச் சொல் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள். 1047 இல் ரஷ்யாவின் நோவ்கோரோட் நகரத்தில் விவிலியத்தின் தீர்க்கதரிசிகள் நூலைப் பிரதியெடுத்த ஒரு பாதிரியார் தன் பெயரை உபிர் லிஹி என்று எழுதியிருக்கிறார். சொல் அவ்வளவு பழையது, ஒரு பாதிரியாருக்கே அது பெயராக இருந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. அதை வைத்து 11 ஆம் நூற்றாண்டில் ரத்தம் குடிக்கும் பிணம் இருந்தது என்று கதை கட்டக்கூடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை ரத்தக்காட்டேரி என்று மொழிபெயர்ப்பது பழகிப்போய்விட்டது. ஆனால் காட்டேரிக்கு நம் ஊரில் கோயிலும் பூசையும் உண்டு, அவள் கதையே வேறு. புதைத்த பிணம் அழுகாமல் எழுந்து வருவதுதான் வாம்பயர் நம்பிக்கையின் அச்சாணி. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் கெட்டுப்போகும். வாம்பயர் என்றே எழுதிவிடலாம்.

யார் திரும்பி வருகிறார்?

கதையில் அடுத்துத் தேட வேண்டியது, இறந்தவர் எப்படி இறந்தார் என்பதை. ரஷ்ய ஆய்வாளர் திமித்ரி ஸெலெனின் 1916 இல் இதை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆயுள் முடிந்து செத்தவர்கள் முன்னோர்கள் ஆகிறார்கள், வீட்டைக் காக்கிறார்கள். தூக்கில் தொங்கியவர், தண்ணீரில் மூழ்கியவர், குடித்தே செத்தவர், சூனியக்காரர் என்று காலத்துக்கு முன் அல்லது தவறான வழியில் போனவர்கள் வேறு வகை. ரஷ்யர்கள் அவர்களை ஸலோழ்னியே என்றார்கள். மீதி ஆயுளை அவர்கள் இங்கேயேதான் கழிக்க வேண்டும், மண் அவர்களை ஏற்காது, ஏற்காத உடம்பை மண்ணுக்குள் தள்ளினால் மண்ணுக்குக் கோபம் வந்து மழை பொய்க்கும். அதனால் அவர்களைப் புதைக்காமல் ஒதுக்குப்புறமாகப் போட்டு மேலே கிளைகளையும் கல்லையும் குவித்தார்கள். மாஸ்கோ போன்ற நகரங்களில் இப்படிப்பட்ட பிணங்களை ஒரு பெரிய குழியில் திறந்தே வைத்திருந்து, ஈஸ்டர் கழிந்த ஏழாவது வியாழக்கிழமை மக்கள் கூடி, பிரார்த்தனை செய்து, மொத்தமாக மூடினார்கள். 18 ஆம் நூற்றாண்டு வரை இது நடந்தது. 13 ஆம் நூற்றாண்டிலேயே விளாதிமிர் நகரத்து ஆயர் செராப்பியோன், வறட்சி வந்தால் போதும், மூழ்கிச் செத்தவர்களைத் தோண்டி வெளியே போடுகிறீர்களே என்று சனங்களைக் கண்டித்துப் பேசியிருக்கிறார்.

பிறப்பிலேயே குறி இருப்பதும் உண்டு. போலந்தின் வடக்கே வாழும் கஷூபியர்களிடம், பனிக்குடச் சவ்வு தலையில் தொப்பி மாதிரி ஒட்டியபடி பிறந்த குழந்தைக்கும், பல்லோடு பிறந்த குழந்தைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, இரண்டும் பிற்காலத்தில் ஆபத்து என்பார்கள். சவ்வை வைத்துப் பாதுகாத்து, குழந்தைக்கு ஏழு வயதானதும் அதை எரித்துச் சாம்பலைக் கரைத்துக் கொடுத்தால் தோஷம் போய்விடும். அதாவது வாம்பயர் ஆகப்போகிற பிள்ளையையும் வெறுத்து ஒதுக்கவில்லை, மருந்து வைத்திருந்தார்கள். கனடாவுக்குக் குடியேறிய கஷூபியர்களிடம் 20 ஆம் நூற்றாண்டிலும் இந்த நினைவு இருந்ததை ஆய்வாளர் யான் பெர்கோவ்ஸ்கி பதிவு செய்திருக்கிறார்.

குற்றமே இல்லாமல் வாம்பயர் ஆகிறவர்களும் உண்டு. அதற்கு நாம் சாவு வீட்டுக்குள் போக வேண்டும்.

சாவு வீட்டில் ஒரு இரவு

வாம்பயரைப் பற்றிப் படிக்கிறவர்கள் நேராகப் பிணத்தின் நெஞ்சில் கூரான கட்டையைக் குத்தும் இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். நான் சொல்வது, அந்த இடத்துக்குப் போகும் முன் ஒரு சாதாரண சாவு எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமானது தெரியாமல் அசாதாரணம் புரியாது.

செர்பியாவிலோ பல்கேரியாவிலோ ஒரு பழைய கிராமத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் கழுவி நல்ல உடுப்பு போட்டு நடு அறையில் கிடத்தியிருக்கிறார்கள். கண்ணாடி இருந்தால் துணியால் மூடியாயிற்று. தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிகிறது, அணையவிடக் கூடாது. பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். யாராவது ஒருவராவது ராத்திரி முழுக்கக் கண்விழித்திருக்க வேண்டும், அதில் ஒரு முக்கியமான வேலை பூனையைப் பார்த்துக்கொள்வது. பூனை, நாய், கோழி, எதுவும் பிணத்தைத் தாண்டிவிடக் கூடாது. அதனால் வீட்டுப் பூனையைப் பிடித்து அடைத்துவிடுவார்கள். கண்ணசந்த ஒரு நிமிஷத்தில் பூனை குறுக்கே குதித்துவிட்டால், நல்லவராக வாழ்ந்து செத்த தாத்தாவும் வாம்பயர் ஆகிவிடுவார். யோசித்துப் பாருங்கள், இந்த நம்பிக்கை இருக்கும்வரை எந்தப் பிணமும் ஒரு இரவுகூடத் தனியாகக் கிடக்காது.

விடிந்ததும் பிணத்தின் கால் முன்னே போகும்படி வெளியே தூக்குவார்கள், வந்த வழி தெரியக்கூடாது என்று. பல இடங்களில் சவப்பெட்டியை வாசற்படியில் மூன்று முறை இடித்து விடைபெற வைப்பார்கள். உடம்பு கிடந்த பெஞ்சைக் கவிழ்த்துப் போடுவார்கள். சந்தேகம் இருந்தால் பெட்டிக்குள்ளும் கல்லறையைச் சுற்றியும் சில ஏற்பாடுகள் நடக்கும். பூண்டு வைப்பார்கள். கசகசாவையோ தினையையோ தூவுவார்கள். ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் செத்தவரால் நகர முடியாது. கஷூபியர்கள் மீன் வலையை வைப்பார்கள், அதன் முடிச்சுகளை அவர் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவிழ்க்க முடியும். கடலோரச் சனங்கள் வலை வைக்கிறார்கள், தானியம் விதைக்கிறவர்கள் தானியம் போடுகிறார்கள். இறந்தவரைக் கட்டிப்போட ஒவ்வொரு ஊரும் தன் கையில் இருந்த பொருளைத்தான் எடுத்திருக்கிறது.

அடக்கத்தோடு காரியம் முடிவதில்லை. மரபுவழித் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபை நாடுகளில் 3, 9, 40 ஆம் நாள்கள் முக்கியம். ஆன்மா 40 நாள் வரை வீட்டையும் தெரிந்த இடங்களையும் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 40 ஆம் நாள் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையோ தேனோ சேர்த்து, வால்நட் பொடித்துப் போட்டு, கல்லறைக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்; செர்பியர் அதை ழித்தோ என்கிறார்கள். அரையாண்டு, ஓராண்டு, அப்புறம் ஆண்டுதோறும் சில சனிக்கிழமைகளில் ஸாதுஷ்நித்ஸே என்ற பொது நினைவு நாள்கள். இன்றைக்கும் செர்பியாவில் அந்தச் சனிக்கிழமைகளில் கல்லறைத் தோட்டங்கள் நிரம்பி வழியும். வாம்பயர் பெரும்பாலும் இந்த 40 நாளை ஒட்டியே வருகிறார் என்பதைப் பார்க்கும்போது, பாதிவழியில் நின்றுபோன சாவுதான் இவர்களைப் பயமுறுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாசிடோனியாவிலும் அதைச் சுற்றிய சில பகுதிகளிலும் இன்னொரு படியும் உண்டு. சில ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்து, மதுவால் கழுவி, துணியில் சுற்றி மறுபடி வைப்பார்கள். வெள்ளை எலும்பு மட்டும் இருந்தால் நிம்மதி, போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சதை ஒட்டியிருந்தால் ஏதோ தடை இருக்கிறது என்று அர்த்தம். ஆக, குழியைத் திறந்து பார்ப்பது அங்கே அடாத செயல் இல்லை. இது தெரிந்தால், ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழும்போது அவர்கள் ஏன் மண்வெட்டியோடு இடுகாட்டுக்குப் போனார்கள் என்பதில் பாதி புரிந்துவிடும்.

தாளை நடுவில் மடியுங்கள்

இப்போது அறிக்கைக்கு வருவோம். நான் ஒரு தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு பத்தி ஆக்குவேன். இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் அதற்குச் சொன்ன காரணம். அதோடு ஒவ்வொரு வரிக்கும் எதிரில், எழுதினவர் தானே பார்த்தாரா இல்லை பிறர் சொல்லிக் கேட்டாரா என்று ஒரு குறி. சாதாரண வேலைதான், ஆனால் கதையே மாறிவிடும்.

கிசிலியேவோவை எடுத்துக்கொள்வோம். எட்டு நாளுக்குள் ஒன்பது பேர், ஒவ்வொருவரும் ஒரே நாள் நோயில் படுத்து இறந்தார்கள். இது இடப்பக்கம். பீட்டர் தூக்கத்தில் வந்து மேலே படுத்து நெரித்தார் என்று அவர்கள் சாகும்முன் சொன்னார்கள். சொன்னார்கள் என்பது இடப்பக்கம், பீட்டர்தான் வந்தார் என்பது வலப்பக்கம். அப்புறம் கல்லறை. புதைத்துப் பத்து வாரத்துக்கு மேல் ஆகியிருந்த உடம்பில் நாற்றம் இல்லை, மூக்கு மட்டும் கொஞ்சம் விழுந்திருக்கிறது, முடியும் தாடியும் நகமும் வளர்ந்திருக்கின்றன, வெளுத்த பழைய தோல் உரிந்து கீழே புதுத் தோல் தெரிகிறது, வாயில் புது ரத்தம். இவற்றை ஃப்ரோம்பால்ட் தானே நின்று பார்த்தார். ஊரார் கூரான கட்டையை நெஞ்சில் இறக்கியதும் காதிலும் வாயிலும் ரத்தம் வந்தது. எரித்துவிட்டார்கள். இதில் தவறு நடந்திருந்தால் அது என்னுடையது இல்லை, பயத்தில் நிலை தடுமாறிய சனங்களுடையது என்ற கோரிக்கையோடு அவர் அறிக்கையை முடிக்கிறார். அனுமதி கிடைக்கும்வரை பொறுங்கள் என்று அவர் தடுத்துப் பார்த்திருக்கிறார். ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்தில் இப்படி ஒரு ஊர் அழிந்தது, நாங்கள் வீடு வாசலை விட்டுப் போய்விடுவோம் என்று அவர்கள் சொன்னபிறகுதான் அவர் கல்லறைக்குப் போனார்.

இன்னும் விரிவான அறிக்கை செர்பியாவின் மெத்வெஜா கிராமத்தில் 1732 ஜனவரியில் எடுத்தது. எழுதியவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர், படைப்பிரிவின் அறுவை மருத்துவர். மூன்று மாதத்தில் 17 பேர் இறந்திருந்தார்கள். இங்கே கேட்டது, பார்த்தது என்ற குறி ரொம்பவும் உதவும். அர்னாவுட் பாவ்லே என்ற வீரர் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தது, 40 நாள் கழித்து அவரைத் தோண்டியது, கட்டையை இறக்கியபோது அவர் முனகியது, இதெல்லாம் சுமார் ஐந்து ஆண்டுக்கு முந்தியவை, ஃப்ளூக்கிங்கர் ஊரார் வாயால் கேட்டவை. ஆனால் இணையத்தில் பெரும்பாலும் இதையும் மருத்துவரே பார்த்த மாதிரி எழுதிவிடுகிறார்கள். அவர் உண்மையில் பார்த்தது 1732 இல் திறந்த கல்லறைகளை. அதில் மிலிட்சா என்ற 60 வயதுப் பெண் ஒருவர். மார்பைத் திறந்தபோது உள்ளே உறையாத ரத்தம் நிறைய இருந்தது. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டது வேறு ஒன்றுக்காக. சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், ஒல்லியாக வற்றிப்போய் இருப்பாள், இந்தச் சதை குழிக்குள் வந்தபிறகு போட்டதுதான் என்றார்கள். அந்த வரியில் எனக்கு அந்த இடமே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள் குழியோரம் நின்று அவள் உடம்பு மாறியிருப்பதைக் கவனித்துச் சொல்கிறார்கள், கவனித்தது முழுக்க உண்மை.

அதே இடுகாட்டில், அதே மண்ணில், அவருக்குப் பிறகு புதைக்கப்பட்ட சிலர் முழுக்க அழுகிப்போயிருந்தார்கள் என்பதையும் ஃப்ளூக்கிங்கர் மறைக்காமல் எழுதினார். அழுகியவர்களைத் திரும்பக் குழியில் வைத்தார்கள். அழுகாதவர்களின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் விட்டார்கள்.

எழுதப்பட்ட காலத்தையும் பாருங்கள். குரோவேஷியாவின் இஸ்த்ரியா பகுதியில் கிரிங்கா ஊர்க்காரர் யூரே கிராண்டோ 1656 இல் இறந்தார், 16 ஆண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார், 1672 இல் கட்டை வயிற்றில் இறங்காமல் எகிறியது, கடைசியில் தலையை வெட்டினார்கள் என்பது புகழ்பெற்ற கதை. அதை வால்வாசோர் என்ற வரலாற்றாளர் அச்சில் கொண்டுவந்தது 1689 இல். சம்பவத்துக்கும் அச்சுக்கும் நடுவில் 17 ஆண்டு இருக்கிறது. பொய் என்று சொல்லவில்லை, கிசிலியேவோ அறிக்கையோடு ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன்.

மண்ணுக்குள் உடம்பு என்ன ஆகும்?

இடப்பக்கப் பத்தியை இப்போது ஒரு தடயவியல் மருத்துவர் கண்ணோடு படியுங்கள். செத்த உடம்பில் குடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் வாயுவை உண்டாக்கும், வயிறும் மார்பும் உப்பும். ஒல்லியான மிலிட்சா குண்டானது அப்படித்தான். அந்த அழுத்தத்தில் நுரையீரலில் சேர்ந்த சிவந்த திரவம் வாய், மூக்கு வழியாக வெளியே தள்ளப்படும். வாயோரத்து ரத்தம் அது. சாவுக்குப் பின் உறைந்த ரத்தம் மறுபடி இளகித் திரவமாவதும் உண்டு. மேல்தோல் உரிந்து நகத்தோடு கழன்று வரும், அடியில் இருக்கும் உள்தோல் புதுசு மாதிரி தெரியும். தோல் வற்றிச் சுருங்கும்போது நகமும் தாடியும் வளர்ந்த மாதிரி நீண்டு தெரியும், உண்மையில் ஒன்றும் வளர்வதில்லை. உப்பிய மார்பில் கட்டையை இறக்கினால் வாயு தொண்டை வழியாகப் பீறிட்டு வரும்போது முனகல் சத்தம் கேட்கும். ஆழத்தில், குளிர்ந்த மண்ணில், காற்றுப் படாத இடத்தில் அழுகல் ரொம்ப மெதுவாக நடக்கும். 19 ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் காஸ்பர் சொன்ன கணக்குப்படி, வெளியில் ஒரு வாரத்தில் ஆவது மண்ணுக்குள் ஆக எட்டு வாரம் பிடிக்கும். மெத்வெஜாவில் தோண்டியது ஜனவரி மாதம். குளிர்காலத்தில்தான் வாம்பயர் நடமாட்டம் என்று கராஜிச் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முதலில் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஏன் சொந்தக்காரரிடமே வருகிறார்? தொற்றுநோய் முதலில் பிடிப்பது கூடவே படுத்தவர்களை, கவனித்தவர்களை, குளிப்பாட்டியவர்களை. முதல் சாவு, அப்புறம் அதே வீட்டில் இரண்டாவது, அண்டை வீட்டில் மூன்றாவது. கிருமி என்ற சொல்லே இல்லாத காலத்தில், நோய் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது, முதலில் செத்தவரிடமிருந்துதான் கிளம்பியது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்தப் பாதை சரி, கடைசியில் கை நீட்டிய இடம்தான் தவறு. தொற்றுநோய் மருத்துவர் கிளாஸர் ஃப்ளூக்கிங்கருக்கு முன்பே, 1731 டிசம்பரில், மெத்வெஜாவுக்கு வந்து கொள்ளைநோய் எதுவும் தெரியவில்லை, போதிய உணவில்லாததும் கடுமையான நோன்பும் காரணமாக இருக்கலாம் என்று பார்த்தார். ஊரார் அதில் அமைதி அடையவில்லை.

எலும்புக்கூடு செய்தி வந்தால்

ஆண்டுக்கு ஒரு முறையாவது வாம்பயர் கல்லறை கண்டுபிடிப்பு என்று தலைப்பு வரும். அதைப் படிக்கும்போது முதல் கேள்வி, அந்த ஏற்பாட்டைப் புதைக்கும்போதே செய்தார்களா, இல்லை பிறகு தோண்டித் திறந்து செய்தார்களா? புதைக்கும்போதே என்றால் அது முன்னெச்சரிக்கை, அந்த ஆளின் மேல் அப்போதே ஒரு பயம் இருந்திருக்கிறது. தோண்டிச் செய்தது என்றால் நடுவில் ஊரில் ஏதோ நடந்திருக்கிறது. இரண்டையும் தலைப்பு எழுதுகிறவர்கள் ஒன்றாக்கிவிடுவார்கள்.

போலந்தின் பியென் கிராமத்தில் 2022 இல் தோருன் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த 17 ஆம் நூற்றாண்டு இளம்பெண்ணைப் பாருங்கள். கழுத்தின் மேல் கதிர் அரிவாள், எழுந்தால் அறுபடும்படி. இடது கால் பெருவிரலில் பூட்டு. அதே தலையில் விலை உயர்ந்த பட்டுத் தொப்பியின் மிச்சமும் இருந்தது. பயந்தார்கள், அதற்காக அவளுடைய தொப்பியைக் கழற்றவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தச் செய்தியும் பாதிச் செய்திதான்.

ட்ராவ்ஸ்கோவில், அதுவும் போலந்துதான், நூற்றுக்கணக்கான கல்லறைகள் உள்ள 17, 18 ஆம் நூற்றாண்டு இடுகாட்டில் ஒரு சிலருக்கு மட்டும் கழுத்திலோ வயிற்றிலோ அரிவாளோ தாடைக்கடியில் கல்லோ இருந்தது. வெளியூர்க்காரர்களாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு 2014 இல் வந்த பல் ஆய்வு பதில் சொன்னது; அந்தப் பல்லில் இருந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் அந்த வட்டாரத்தோடு பொருந்தியது, அவர்கள் உள்ளூர் ஆட்கள். அவர்களை மற்றவர்களோடு அதே இடுகாட்டில், அதே திசையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அரிவாள் செத்தவரிடமிருந்து ஊரைக் காக்கவா, தீய ஆவியிடமிருந்து செத்தவரைக் காக்கவா என்று தொல்லியலாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. எனக்கு இரண்டாவதும் பொருந்தும் என்றே படுகிறது, இரும்புக்கு ஆவியை விரட்டும் சக்தி உண்டு என்பது அங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

குப்புறக் கிடக்கும் எலும்புக்கூடு, கால் கட்டிய எலும்புக்கூடு எல்லாவற்றுக்கும் வாம்பயர் பட்டம் கட்டாதீர்கள். மரண தண்டனை பெற்றவரும், அவசரத்தில் புதைத்த கொள்ளைநோய்ப் பிணமும் அப்படிக் கிடக்கலாம். ஊர், காலம், மற்ற கல்லறைகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

அரசும் திருச்சபையும் இதை எளிதில் ஒத்துக்கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செர்பிய மன்னர் துஷான் 1349 இல் கொண்டுவந்த சட்டத்திலேயே, பிணத்தைத் தோண்டி எரிக்கும் ஊர் கொலைக்குரிய அபராதம் கட்ட வேண்டும், உடன் போன பாதிரியார் பதவி இழக்க வேண்டும் என்று இருக்கிறது. 1755 இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஹெரார்ட் வான் ஸ்வீட்டனின் ஆலோசனைப்படி இந்தத் தோண்டலைத் தடைசெய்தார். நடுவில் 400 ஆண்டு. அவ்வளவு காலம் ஒரு தடையை மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தது என்றால், சனங்களின் பயம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஃப்ரோம்பால்டின் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். சின்ன அறிக்கைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். தாளை மடித்து எழுதிக்கொண்டே போனால், நகம் இடப்பக்கம் போகும், நெரித்தது வலப்பக்கம் போகும். செருப்பு மட்டும் எதிலும் உட்காராது. எந்த அழுகல் விதியும் அதை விளக்காது, எந்தத் தொற்றும் விளக்காது. நான் அதற்கென்று தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். கணவனைப் புதைத்த சில நாளில் ஒரு பெண், கதவருகே கிடக்கும் அவன் செருப்பைத் தினமும் தாண்டித் தாண்டிப் போயிருப்பாள்.